காரின் மேல் போகாத பொட்டுகள்: போர் தண்ணி, எச்சம், துரு, தார்

வாசகர் கேள்வி, 21 ஏப்ரல் 2024

கறுப்பு கலர் செடான், வாங்கி மூணு வருஷம். பானெட், ரூஃப், டிக்கி மூன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. ஷாம்பு போட்டுக் கழுவும்போது காணாமல் போகிறது, காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கிறது. வாக்ஸ் போட்டும் பிரயோஜனமில்லை. கடையில் கேட்டால், முழு வண்டிக்கும் ரப்பிங் போட்டு செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசுகிற பாதுகாப்புப் பூச்சு) அடித்தால்தான் போகும் என்கிறார்கள். ரப்பிங் போட்டால் பெயின்ட் தேய்ந்துவிடும் என்று அப்பா தடுக்கிறார். சென்னை, மேடவாக்கம் பக்கம். இது தானாகப் போகிற கறையா?

21 ஏப்ரல், இரவு

தானாகப் போகாது. வெயில் ஏற ஏறக் கெட்டியாகும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று சொல்லவேயில்லையே. அதுதான் முதல் கேள்வி. அதற்குள் ஒன்று செய்து பாருங்கள். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, பொட்டு இருக்கிற இடத்தில் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். சொரசொரவென்றிருந்தால் படிவு மேலே உட்கார்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம். வழவழவென்று இருந்து கண்ணுக்கு மட்டும் வட்டம் தெரிந்தால், பெயின்ட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது. அது வேறு வைத்தியம்.

இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கடைக்காரர் காசு கேட்கிறார் என்றால் அவருக்கு எது என்பது பற்றிக் கவலையில்லை, இரண்டுக்கும் ஒரே பில்தான்.

22 ஏப்ரல்

போர் தண்ணி, டிடிஎஸ் மீட்டரில் (கரைந்திருக்கிற உப்பை அளக்கிறது) 1400 காட்டுகிறது, காலையில் கார் துடைக்கிறவர் ஒரு பக்கெட்டில் முடித்துவிடுவார், வண்டி நிற்பது திறந்தவெளியில். கேள்வி கேட்டவர் சொன்ன பதில் இது. பாதி மர்மம் தீர்ந்தது.

1400 என்றால் லிட்டருக்கு 1400 மில்லிகிராம் உப்பு. 15 லிட்டர் பக்கெட்டில் 21 கிராம். நாலு டீஸ்பூன் உப்பை வண்டி மேல் கரைத்து ஊற்றுகிற கதை. பெரும்பகுதி வழிந்து போய்விடும், நிற்கிற துளிகள்தான் வில்லன். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-இல் டிடிஎஸ் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மனுஷன் குடிக்கிறதுக்கே பொறுத்துக்கொள்ளச் சொல்கிற தண்ணீர், கறுப்பு பெயின்ட்டில் சும்மா விடுமா?

தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், துளி சூடாகிக் காயும்போது கார்பனேட்டாக மாறிவிடும். பைகார்பனேட் தண்ணீரில் கரையும், கார்பனேட் கரையாது. அதனால்தான் மறுபடி தண்ணீர் ஊற்றினால் போவதில்லை. கெய்சர் காயிலில் படிகிற அதே சமாச்சாரம். ஈரத்தில் மறைவது கண் ஏமாற்று, தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால் வெள்ளை தெரியாது.

செய்ய வேண்டியது: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, குடிக்கிற தண்ணீர் ஒரு பங்கு. நிழலில், பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது. முதலில் ஷாம்பு போட்டு மண் போகக் கழுவியிருக்க வேண்டும். டிக்கி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முதலில். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து அந்த இடத்தில் போர்த்தி, ஓரிரு நிமிஷம் விட்டு, அழுத்தாமல் துடைத்து, உடனே ஷாம்பு தண்ணீரால் கழுவிவிடுங்கள். வினிகர் பெயின்ட் மேல் காயக் கூடாது. இதற்கு மசிந்தால் மற்ற இடங்களுக்குப் போங்கள்.

வினிகரில் அசெட்டிக் ஆசிட் சுமார் 4, 5 சதவீதம்தான். கார்பனேட்டுக்கு அது போதும். சல்ஃபேட், சிலிகா கலந்த படிவு அவ்வளவாக மசியாது.

24 ஏப்ரல்

இந்தக் கேள்வி-பதில் இழைக்குள் நாட்டு வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். மொத்தமாகப் பதில்.

டூத்பேஸ்ட்: அதில் இருப்பது பல்லைத் தேய்க்கிற பொடி. மங்கிப்போன ஹெட்லைட்டில் கொஞ்சம் பலன் தெரியும். கறுப்பு பானெட்டில் தேய்த்தால் பொட்டு போகும், அந்த இடத்தில் மங்கலாக ஒரு திட்டு வரும். பொட்டே மேல் என்று தோன்றும்.

கோலா: பாஸ்பரிக் ஆசிட் இருக்கிறது, உண்மை. கூடவே சர்க்கரையும் இருக்கிறது. எறும்புக்கு விருந்து வைக்க ஆசையிருந்தால் ஊற்றுங்கள்.

பாத்ரூம் ஆசிட்: வாட்ச்மேன் சொன்னார் என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பொட்டை எடுக்கும், கூடவே குரோம் பட்டையைக் கறுக்கடிக்கும், அலுமினியத்தைத் தின்னும், கதவு இடுக்கில் இறங்கி உள்ளே தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். வாட்ச்மேனுக்கு வண்டி இல்லை.

28 ஏப்ரல்

பாதி போய்விட்டதாம். டிக்கி, ரூஃப் இரண்டும் சுத்தம். பானெட்டில் மட்டும் வெள்ளை போய், அதே இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் நிற்கிறதாம். இன்ஜின் சூடு கீழே, வெயில் மேலே, பானெட் எப்போதும் மற்றதைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்தத் தடம் அரிப்பு. வினிகர் இனிமேல் எதுவும் செய்யாது. எடுக்கிறதற்கு அங்கே பொருள் ஒன்றும் இல்லை, இருப்பது பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள மேட்டைத்தான் இறக்க முடியும். அதற்குப் பெயர்தான் பாலிஷ்.

இங்கேதான் அப்பா வருகிறார். அவர் சொல்வது தப்பில்லை, அளவு தெரிந்தால் பயம் குறையும். கம்பெனி பெயின்ட் தகரத்தின் மேல் நாலு அடுக்கு: ஈ-கோட் (தகரம் துருப்பிடிக்காமல் இருக்க முதலில் ஏறுவது), பிரைமர், கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத க்ளியர் கோட். மொத்தம் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). க்ளியர் கோட் மட்டும் 35 முதல் 50. மெல்லிய பாலிஷ் ஒரு தடவைக்கு எடுப்பது ஒரு மைக்ரான் அளவு, முரட்டு காம்பவுண்டும் கம்பளி பேடும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு. வெயிலைத் தாங்குகிற சரக்கு க்ளியர் கோட்டின் மேல் பகுதியில்தான் வேலை செய்கிறது, அதனால் ‘நாற்பது இருக்கிறதே, முப்பதை எடுக்கலாம்’ என்று கணக்குப் போடக் கூடாது. பானெட்டுக்கு மட்டும் ஒரு தடவை மெல்லிய பாலிஷ், டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (பேட் சுழன்றுகொண்டே ஆடுகிற வகை). முழு வண்டிக்குத் தேவையே இல்லை.

பாலிஷுக்கு முன்னால் க்ளே பார் ஓட்டச் சொல்லுங்கள். களிமண் மாதிரி பிசைகிற கட்டி. ஷாம்பு தண்ணீரைத் தாராளமாக அடித்து அதன் மேல் வழுக்கி ஓட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கிற தூசி துரும்பெல்லாம் அதில் வந்துவிடும். கீழே விழுந்த கட்டியை மட்டும் எடுத்துத் தேய்க்காதீர்கள். தூக்கிப்போட மனசு வராது, இருந்தாலும் போடுங்கள்.

அப்பாக்களின் ரப்பிங் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அம்பாசடர், பத்மினி காலத்தில் க்ளியர் கோட் கிடையாது. பாலிஷ் போட்ட துணியில் வண்டி கலரே வரும். எங்கள் வீட்டு அம்பாசடரைத் தேய்த்தால் பனியன் வேஸ்ட் முழுக்க வெள்ளையாகிவிடும், ‘பெயின்ட் போகுது பாரு’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கும் மெஷினைக் கண்டால் மிரள்கிறார்கள். இன்றைய வண்டியில் துணியில் கலர் வந்தால் வேறு அர்த்தம்: க்ளியர் கோட் போய்விட்டது, அல்லது யாரோ டிங்கரிங் கடையில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மலிவாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கியவர்கள் மெஷின் வைக்கும் முன் பெயின்ட் தடிமனை அளக்கிற திக்னெஸ் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கதவு 120, பக்கத்துக் கதவு 250 என்று காட்டினால், விற்றவர் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

5 மே

நேற்று கத்திரி ஆரம்பித்துவிட்டது. இனி மாத முடிவு வரை, கழுவுவதென்றால் ஏழு மணிக்குள் முடியுங்கள். மதிய வெயிலில் கறுப்பு ரூஃப் 60, 70 டிகிரிக்குப் போகும். அதில் துளி விழுந்தால் பொட்டு ஆவதற்கு நிமிஷம்கூட வேண்டாம்.

பறவை எச்சம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெள்ளையாக இருப்பது யூரிக் ஆசிட். அது மட்டும் காரணமில்லை. வெயிலில் க்ளியர் கோட் சூடேறி இளகி விரிகிறது, சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்துக்கே இறுகிவிடுகிறது. அதனால்தான் எச்சத்தை எடுத்த பிறகும் நெளிந்த தடம் நிற்கிறது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதுதான் கதி.

உலர்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள். உள்ளே மண்ணும் விதையும் இருக்கும். டிஷ்யூவை நனைத்து அதன் மேல் போட்டு, ஊறவிட்டு, அள்ளி எடுக்க வேண்டும். சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் டிஷ்யூ, இரண்டும் என் கதவுப் பையில் எப்போதும் கிடக்கும். என் மனைவிக்கு அதுவே நக்கல்: ‘மழைக்குக் குடை இல்லை, காக்காய்க்குப் பாட்டில் இருக்கு.’

எந்தத் தண்ணீர் என்பதற்கு மறுபடி வருகிறேன். ஆர்ஓ வேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைத்து காரைக் கழுவுகிறோம், தண்ணீர் மிச்சம் என்று பெருமையாக ஒருத்தர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் அந்த வேஸ்ட் பைப்பில்தான் தள்ளுகிறது. உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். டயருக்கும் மிதியடிக்கும் ஊற்றுங்கள், பானெட்டுக்கு வேண்டாம். பதிலாக ஏசி தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு அநேகமாகக் கிடையாது. போர் தண்ணீரில் கழுவி முடித்து, கடைசியாக அரை பக்கெட் ஏசி தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றித் துடைத்தால் பொட்டு வராது. ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற இந்த மாதத்தில் பைப்புக்குக் கீழே பக்கெட் வைத்தால் போதும்.

19 மே

செராமிக் கோட்டிங் போட்டால் பொட்டே வராது என்று விற்கிறார்கள். வரும். கோட்டிங் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், விளம்பரத்தில் பார்க்க அழகு. போர் தண்ணி முத்து அப்படியே காய்ந்தால் பொட்டு இன்னும் கச்சிதமான வட்டமாக வரும். கோட்டிங் இருந்தால் எடுப்பது சுலபம், அரிப்பு பெயின்ட்டுக்குப் போகும் முன் கோட்டிங் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அது நிஜ லாபம். கழுவிய கையோடு துடைக்காதவர்களுக்கு எந்தக் கோட்டிங்கும் காசுக்குக் கேடு. என் வண்டியில் இல்லை. பக்கத்து பிளாட்காரர் வண்டியில் இருக்கிறது, அவர் வண்டியில்தான் பொட்டு அதிகம். நான் அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

23 ஜூன்

நாவல் சீசன். மரத்தடியில் நிறுத்திவிட்டு ஊதா கலர் பற்றி இங்கே வந்து புலம்புகிறவர்களுக்கு: பழம் நேராக விழுந்தால் கறை, வௌவால் வழியாக விழுந்தால் கறையும் அரிப்பும். ஊறவைத்து எடுங்கள், ஷாம்பு போடுங்கள். அப்புறமும் வெள்ளை வண்டியில் ஊதா நிழல் நின்றால் தேய்க்க வேண்டாம், வெயிலில் விடுங்கள். பழச்சாயம் வெயிலுக்கு வெளுக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சென்னை வெயில் நம் கட்சி.

மாமரத்தடி வேறு. பூக்கிற காலத்தில் தத்துப்பூச்சிகள் விடுகிற பிசுபிசுப்பு வண்டி முழுக்கப் படியும், விட்டுவைத்தால் அதன் மேல் கறுப்புப் பூஞ்சை வரும். வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீர் போதும், சீக்கிரம் செய்தால். மரப் பிசின் கட்டியாக ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். துணியில் நனைத்து வைத்து எடுங்கள்.

11 ஆகஸ்ட்

இது என் சொந்தக் கதை. வீட்டில் இன்னொரு வண்டி வெள்ளை. வலது பக்கக் கதவு இரண்டிலும் ஆரஞ்சு கலரில் ஊசிமுனை அளவு புள்ளிகள், ஷாம்புக்கும் அசையவில்லை, வினிகருக்கும் அசையவில்லை. பெயின்ட்டுக்குக் கீழே துரு கிளம்பிவிட்டது என்றே பயந்தேன். ஆனால் தகரத்தில் கிளம்புகிற துரு இப்படித் தூவினாற்போல வராது, கல்லடி பட்ட இடத்திலோ ஓரத்திலோ கொப்புளமாக வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு துணுக்கு. அப்போதுதான் ஞாபகம் வந்தது, எங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு கிரில் வேலை நடந்தது. கிரைண்டர் பொறி. சிவந்த இரும்புத் துணுக்கு பறந்துவந்து க்ளியர் கோட்டில் பதிந்து, நம் கடல் காற்றில் துருப்பிடித்திருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி நிறுத்துகிறவர்களுக்கு இதே சமாச்சாரம் ரயில் பிரேக் தூளாக வரும்.

இதற்கென்றே அயர்ன் ரிமூவர் விற்கிறது. அடித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதாவாக மாறி ஒழுகும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வண்டிக்கு ரத்தக்காயம் என்றே தோன்றும். அழுகின முட்டை நாற்றம், தயோகிளைகாலேட் என்கிற கந்தகச் சரக்கு அது. நிழலில், கையுறையோடு, காயவிடாமல், சில நிமிஷத்தில் கழுவிவிட வேண்டும். என் கதவில் முக்கால்வாசி அதிலேயே போனது. மீதிக்குத்தான் க்ளே.

அதனால் ஏப்ரல் 28 குறிப்போடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ஆரஞ்சுப் புள்ளி இருக்கிற வண்டியில் நேராக க்ளே ஓட்டக் கூடாது. கட்டியில் ஏறிய இரும்புத் துணுக்கு அடுத்த இழுப்பில் பெயின்ட்டைக் கீறும். முதலில் ரிமூவர், பிறகு க்ளே, அதற்கப்புறம் தேவைப்பட்டால் பாலிஷ்.

கேட் வேலை செய்தவரிடம் கேட்டேனா என்று ஒருத்தர். கேட்டேன். ‘தண்ணி அடிச்சா போயிடும் சார்’ என்றார்.

13 அக்டோபர்

ஆயுத பூஜை முடிந்தது, எதிர்பார்த்தபடி கேள்விகள் வந்துவிட்டன. வெள்ளை பானெட்டில் மஞ்சள் திட்டு, நடுவில் ரோஸ் கலர் பொட்டு. மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும், பயமில்லை. குங்குமம்தான் தகராறு. இப்போது கடையில் வருவதில் பாதி சாயப்பொடி, ஈரச் சந்தனத்தின் மேல் வைத்து ஒரு பகல் விட்டால் க்ளியர் கோட்டில் ஏறிவிடுகிறது. துணியில் தேய்த்து அகலமாக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றிப் பொடியைக் கழுவிவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல், பிறகும் நின்றால் விரல் நுனியில் மெல்லிய பாலிஷ். அடுத்த வருஷம் பொட்டைக் கண்ணாடியில் வைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, அம்மா கோபித்துக்கொள்ளலாம்.

17 அக்டோபர்

வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தின வண்டியை இறக்கியாச்சா எல்லாரும்? நானும் அந்த வரிசையில் ஒருத்தன்தான். இறக்கிய பிறகு ராக்கர் பேனலில் (கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டை) கறுப்புப் புள்ளி, அது பாலத்தின் தப்பில்லை, மழைக்கு முன் அவசரமாக ஒட்டுப்போட்ட ரோட்டுத் தார்.

தாருக்குத் தண்ணீர் ஷாம்பு எதுவும் வேலைக்காகாது, எண்ணெய்க்குத்தான் எண்ணெய். பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதே தத்துவம். சமையல் எண்ணெயே போதும், பஞ்சில் நனைத்து ஒட்டிவைத்தால் மெதுவாக இளகும். டபிள்யூடி-40, மண்ணெண்ணெய் இரண்டும் வேகம். எதுவானாலும் பிறகு ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசையைக் கழுவுங்கள். தின்னர் மட்டும் வேண்டாம். கம்பெனி பெயின்ட் ஒருவேளை தாங்கும், டச்-அப் பண்ணின இடமிருந்தால் தாரோடு பெயின்ட்டும் வரும்.

3 நவம்பர்

தீபாவளிப் பொறி விழுந்து சுட்ட புள்ளிக்கு மருந்து கேட்கிறார்கள். அது கறை இல்லை, தீக்காயம். க்ளியர் கோட் உருகியிருந்தால் பாலிஷில் கொஞ்சம் மழுங்கும், கலரே கருகியிருந்தால் டச்-அப்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி பேஸ்மென்ட்காரர் ஒருத்தருடையது. மழைக்குப் பிறகு சீலிங்கிலிருந்து சொட்டி, ரூஃபில் வெள்ளையாகத் தடித்த கோடு, நகத்துக்கு அசையவில்லை. இதுவரை பேசியதிலேயே இதுதான் பொல்லாதது. மழைத்தண்ணீர் கான்கிரீட் வழியாக இறங்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சொட்டும்போது அது கடும் காரம், அதுவே க்ளியர் கோட்டைக் கடிக்கும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கல்லாகிறது. போர் தண்ணிப் பொட்டும் கார்பனேட்தான், ஆனால் இது தடிமன். ஏப்ரல் 22-இல் எழுதியபடி ஓரிரு நிமிஷம் வைத்தால் மேல் தோல்கூட வராது. பஞ்சை வினிகரில் நனைத்துக் கோட்டின் மேல் மட்டும் வைத்து, காயாமல் திரும்பத் திரும்ப நனைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுவி, மீண்டும் வையுங்கள். நுரை வந்தால் கரைகிறது என்று அர்த்தம். பிளேடு, ஸ்க்ரேப்பர் எடுக்காதீர்கள். கல் போன பிறகு கீழே மங்கலாகத் தடம் இருக்கும், கிட்டத்தட்ட நிச்சயம். ரூஃபுக்கு ஒரு தடவை பாலிஷ். அதற்கும் போகாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், ரூஃபை உங்களைத் தவிர மாடி பால்கனிக்காரர்தான் பார்ப்பார்.

அசோசியேஷன் சீலிங் கசிவை அடைக்கும்வரை வண்டிக்குக் கவர் போதாது, கவர் நனைந்து அந்தத் தண்ணீரையே பெயின்ட்டோடு ஒட்டவைக்கும். சொட்டுகிற இடத்துக்குக் கீழே தகரத் தட்டு கட்டி ஓரமாக ஒரு டியூப் விடச் சொல்லுங்கள். எங்கள் பேஸ்மென்ட்டில் ஆறாம் நம்பர் பார்க்கிங்குக்கு மேல் அப்படித்தான் தொங்குகிறது. மீட்டிங்கில் பேசி ஒன்றும் நடக்காமல், அந்தப் பார்க்கிங்காரரே பிளம்பரை வைத்துக் கட்டிக்கொண்டார்.